அத்தாவின் மறதியை வீட்டுக்குள் பூட்டி வைக்காதீர்கள்

(பேராவூரணியில் நமது அறக்கட்டளை நடத்திய முதியோர் நலக் கூட்டத்தில், அஸர் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)





செப்டம்பர் 21-ஆம் நாள் உலக அல்சைமர் தினம். அதையொட்டி முதுமை மறதி நோய் பற்றிப் பேச இங்கே கூடியிருக்கிறோம். இதற்கு ஒரு டாக்டரை அழைத்துப் பேச வைப்பதுதான் வழக்கம். இன்ஷா அல்லாஹ் அடுத்த கூட்டத்தில் அதையும் செய்வோம். ஆனால் முதல் கூட்டத்தில் நாங்களே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த விஷயத்தில் எங்கள் அறக்கட்டளை ஒரு தவறு செய்துவிட்டது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை.

ஆறு ரசீதுகள்

நம் மஹல்லாவில் ஒரு பெரியவர். பெயர் வேண்டாம். அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். தேங்காய் மண்டி வைத்திருந்தவர். எத்தனை ஆயிரம் காய் லாரியில் ஏறினாலும், தாளும் பேனாவும் இல்லாமல் கணக்குச் சொல்லிவிடுவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ரமளானில் ஒருநாள் எங்கள் அலுவலகத்திற்கு வந்து நோன்புக் கஞ்சிக்கு 5,000 ரூபாய் கொடுத்தார். ரசீது போட்டோம். நான்கு நாள் கழித்து வந்து மறுபடியும் 5,000 கொடுத்தார். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லி ரசீது போட்டோம். கடைசிப் பத்தில் ஒரே நாளில் லுஹருக்கு முன்பு ஒரு முறை, அஸருக்குப் பின்பு ஒரு முறை வந்தார். அதற்கும் ரசீது போட்டோம். ஆக மொத்தம் ஆறு ரசீது.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் அவருடைய மருமகள் அந்த ஆறு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். தலையணைக்கு அடியில் இருந்ததாம். "மாமாவுக்குக் கொடுத்தது ஞாபகமே இல்லீங்க. இன்னிக்குக் காலையிலயும் கஞ்சிக்குப் பணம் கொடுக்கணும்னு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க" என்றார். ரமளான் முடிந்திருந்தது.

எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டோம். பணம் வருவதால் கேட்காமலும் இருந்துவிட்டோம். தான் கொடுப்பது தெரியாமல் ஒருவர் கொடுக்கும் பணம் தர்மமாகாது. அப்படிப் பணம் வாங்கியதற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, 25,000 ரூபாயை அந்தக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தோம். முதல் 5,000-ஐ அவர்கள் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள்.

பணம் திரும்பிப் போய்விட்டது. அந்த மருமகள் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. வீட்டில் இரண்டு வருடமாகவே தெரியுமாம். "யாருக்கும் சொல்ல வேணாம்னு இருந்துட்டோம். பேத்திக்கு மாப்பிள்ளை பாக்குறோம். தாத்தாவுக்குப் புத்தி சரியில்லைனு பேச்சு வந்துட்டா என்ன செய்யறது?" என்றார்.

அந்தக் குடும்பம் வெட்கத்தால் மறைத்தது. நாங்கள் கூச்சத்தால் கேட்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெரியவர் வைத்தியம் இல்லாமல் இரண்டு வருடத்தைக் கழித்துவிட்டார். மறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்றைக்கு உங்களைக் கூப்பிட்டோம்.

இது வயசுக் கோளாறா?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதானால் எல்லோருக்கும் உள்ளது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று விழிப்பது நோய். பேரனின் பெயர் நாக்கு நுனியில் நின்று பிறகு வருவது வயது. இந்தப் பையன் யார் என்று கேட்பது நோய். எண்ணித் தொழுதவருக்கு ரக்அத் எண்ணிக்கை அடிக்கடி தவறுவது, பிறந்து வளர்ந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, சாப்பிட்டுக் கை கழுவிய ஐந்தாவது நிமிடம் "எனக்கு இன்னும் சோறு போடலை" என்பது, பணத்தை ஒளித்து வைத்துவிட்டுத் திருட்டுப் போய்விட்டது என்று வீட்டாரைச் சந்தேகிப்பது: இவையெல்லாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

மறதி நோய் என்பது பல நோய்களுக்குப் பொதுப்பெயர். அதில் அதிகம் வருவது அல்சைமர் நோய். ஜெர்மனியைச் சேர்ந்த அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர், தாம் கவனித்து வந்த ஒரு பெண்ணின் மூளையை அவர் இறந்த பிறகு ஆராய்ந்து, அதில் கண்ட மாற்றங்களை 1906-இல் மருத்துவர்கள் முன் விளக்கினார். அந்தப் பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51-தான். பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டது உடலில் வரும் ஒரு நோய் என்று அன்றே தெரிந்துவிட்டது. மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் மறதி அடுத்த வகை. சர்க்கரையும் பிரஷரும் கட்டுப்பாட்டில் இல்லாத நம் வீடுகளில் இதைப் பற்றி மிகவும் கவலைப்பட வேண்டும்.

நம் நாட்டில் எவ்வளவு பேருக்கு? டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம், ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. நம் மஹல்லாவில் 60 கடந்த நூறு பேர் இருந்தால் ஏழு பேருக்கு இது இருக்கக்கூடும். அந்த ஏழு வீடு எது என்று நமக்குத் தெரியாது, ஏனென்றால் கதவு சாத்தியிருக்கிறது.

கடைமடைக்கு வராத தண்ணீர்

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு, நம் கடைமடைக்கு அது வந்து சேர எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பது விவசாயம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். மருத்துவ ஆராய்ச்சியும் அப்படித்தான் இருந்தது. மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் நம்மைப் போன்ற வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடந்த ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே இந்த நாடுகளில் நடந்தது. இதைச் சரிசெய்ய 1998-இல் நம் பக்கத்துக் கொச்சியில் நடந்த மாநாட்டில் ஒரு குழு உருவானது. அதற்குப் பெயரே '10/66' என்று வைத்தார்கள்.

அந்தக் குழு ஏழு நாடுகளில் 65 வயது கடந்தவர்களை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தது. இந்தியாவில் அவர்கள் எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில்தான்: சென்னை நகரம், வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள். 2008-இல் வெளியான முடிவைக் கேளுங்கள். மேலை நாடுகளில் பயன்படுத்தும் வழக்கமான அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, இந்தியக் கிராமத்தில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு மட்டுமே மறதி நோய் என்று வந்தது. ஆராய்ந்த இடங்களிலேயே அதுதான் குறைவு! ஆனால் அந்தக் குழு நம் போன்ற ஊர்களுக்கு என்று உருவாக்கிய அளவுகோலில், எந்த நாட்டை எடுத்தாலும் நூற்றுக்கு 5.6 முதல் 11.7 வரை இருந்தது.

ஏன் இந்த வித்தியாசம்? வழக்கமான அளவுகோலில் வீட்டாரிடம் "முன்பு போல் இருக்கிறாரா, வேலைகளைச் செய்கிறாரா" என்று கேட்பார்கள். நம் வீடுகளில் பெரியவருக்கு வேலையே கொடுப்பதில்லை. தட்டு கைக்கு வந்துவிடும், வேட்டி துவைத்து வந்துவிடும். "வயசாயிடுச்சு, நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிடுகிறோம். நாம் காட்டும் மரியாதையே நோயை மூடிவிடுகிறது.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வீடியோ காலில் ஐந்து நிமிடம் அத்தா ஸலாம் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டு, சிரித்துப் பேசுவார். ஆரம்ப நிலையில் அந்தப் பழக்கமெல்லாம் கெடுவதில்லை. அதை வைத்து "அத்தா நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெருசா சொல்றே" என்று மனைவியிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். இருபத்து நான்கு மணி நேரமும் கூட இருப்பவர் சொல்வதை நம்புங்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

டாக்டரிடம் காட்டுங்கள். மறதிக்கு வைத்தியமே இல்லையே, காட்டி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. மறதி போலத் தோன்றுவதில் சில, மருந்தால் சரியாகக்கூடியவை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, ரத்தத்தில் உப்புச் சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், கீழே விழுந்து தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டிக்கொள்வது ஆகியவை எல்லாம் புத்தியைக் குழப்பும். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் கூட முதியவர்களுக்கு ஒரே நாளில் குழப்பம் வந்துவிடும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று உளறினால் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். அதை வயது என்று விட்டுவிடாதீர்கள். ஓதிப் பார்ப்பதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. துஆவும் செய்யுங்கள், ரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

முதலில் நம் ஊர் அரசு மருத்துவமனையில் காட்டி, தேவையானால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். போகும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மறக்கிறார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எப்போதாவது விழுந்தாரா என்று. அந்த நோட்டுதான் டாக்டருக்குப் பாதி வேலை. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண்களில் வீட்டிலிருந்தே பேசலாம். சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனமும், 1992-இல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளையும் இந்த நோய்க்காகப் பணி செய்கின்றன.

வாட்ஸ்அப்பில் "மறதிக்கு ஊசி வந்துவிட்டது" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. லெகானெமாப் என்ற மருந்துக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது உண்மை. அது அல்சைமர் நோயின் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். நோய் கூடும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், போனதைத் திருப்பித் தராது. மூளையில் வீக்கமோ ரத்தக் கசிவோ வரலாம் என்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். இப்போது நம் டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். இதை நம்பி நிலத்தை விற்றுவிடாதீர்கள்.

வராமல் தடுக்க முடியுமா? 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் குழு 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயின் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அதில் நம் கையில் உள்ளவை: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, புகைப்பிடித்தல், உடல் உழைப்பின்மை, சரிசெய்யாத காது மந்தம், கண்பார்வைக் குறைவு, தனிமை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்காமல் சாப்பிடுங்கள். காது கேட்கும் கருவியைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள்.

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி என்ற மருத்துவரின் குழு, 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் ஒரு முடிவை வெளியிட்டது. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு, ஒரே மொழி பேசுபவர்களை விட ஏறத்தாழ நாலரை வருடம் தாமதமாகத்தான் நோய் தலைகாட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இதே வித்தியாசம் இருந்தது. மலாயிலும் சவூதியிலும் இருந்து வந்த பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசிக்கொண்டிருந்தால் நல்லதுதான்.

வீட்டில் பார்த்துக்கொள்ளும் முறை

பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில், முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் மிகச் சிறிய சொல்லைக் கூட அல்லாஹ் தடுத்திருப்பதை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கும் அத்தாவிடம்தான் அந்தக் கட்டளை நமக்குப் பரீட்சையாக வருகிறது.

அவரோடு வாதாட வேண்டாம். "இப்பத்தானே சொன்னேன்" என்று சொல்லிப் பயனில்லை, அது அவரிடம் தங்குவதில்லை. மஃரிப் நேரத்தில் பலருக்குப் பதற்றம் கூடும், சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள். அப்போது விளக்கைப் போட்டு, ஒரு டீயைக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பழைய கதையைப் பேசுங்கள். ஒளு செய்யும் இடத்தில் பாசி இல்லாமல் பாருங்கள், பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள். கிணற்றை மூடுங்கள். ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். சட்டைப் பையில் பெயரும் வீட்டுப் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். சுப்ஹுக்குக் கிளம்பியவர் வீடு திரும்பாவிட்டால் மோதினாருக்கும் பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்களுக்கும் உடனே சொல்லுங்கள். வெட்கப்பட்டு வீணாக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் எவ்வளவோ தூரம் போய்விடுவார்.

சிறு வயதில் மனனம் செய்தது பெரும்பாலும் கடைசி வரை நிற்கும். அந்த மண்டிக்காரருக்கு இப்போது மகன் பெயர் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஃபாத்திஹாவை ஆரம்பித்தால் கூடவே ஓதி முடிக்கிறார்.

தொழுகை விட்டுப்போகிறதே, நோன்பை மறந்து தண்ணீர் குடித்துவிடுகிறாரே என்று கவலைப்படுகிறீர்கள். புத்தித் தெளிவு நீங்கியவர் மீது இந்தக் கடமைகள் இல்லை என்பது ஃபிக்ஹில் தெளிவானது. அவரைத் திட்டித் தொழ வைக்க வேண்டாம். தெளிவு வந்து போகும் நிலையில் இருந்தால் ஹஜ்ரத்திடம் விவரம் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம், சொத்து விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நோய் ஆரம்ப நிலையில், அவருக்கு விவரம் புரியும்போதே, கடன் என்ன, அமானிதம் என்ன, வஸிய்யத் ஏதும் உண்டா என்று சாட்சிகளோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். புத்தி போன பிறகு கைநாட்டு வாங்கும் பத்திரம் சட்டத்திலும் நிற்காது, மறுமையிலும் நிற்காது. கடன் எழுதுவது பற்றிய குர்ஆனின் நீண்ட வசனம், தானே சொல்ல இயலாதவருக்குப் பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து, மகள்களையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கவனிப்பவரைக் கவனிப்பது யார்?

அந்த மருமகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். மாமனார் வாசலில் உட்கார்ந்து வருவோர் போவோரிடமெல்லாம் "சோறு போடலை" என்று சொல்ல, தெருவே அவரைப் பேசியது. நம் வீட்டுப் பெண்களும் பேசினார்கள். அந்தப் பெண் இரண்டு வருடமாக ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, தாய் வீட்டில் ஓர் இரவு தங்கவில்லை. நோயாளியிடமிருந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். வீட்டுக்குள் போய் "உனக்கு ஏதாவது உதவி வேணுமாம்மா" என்று கேளுங்கள்.

கோவாவில் 81 குடும்பங்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2008-இல் வெளியானது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீடு தேடிப் போய், நோயைப் பற்றி விளக்கவும் கவனிப்பவருக்கு வழி சொல்லவும் வைத்தார்கள். கவனிப்பவர்களின் மனவேதனை தெளிவாகக் குறைந்தது. பெரிய கட்டடமோ பெரிய இயந்திரமோ தேவைப்படவில்லை. இதைப் படித்தபோதுதான், நம் ஊரிலும் முடியும் என்ற தைரியம் எங்களுக்கு வந்தது.

ஆகவே எங்கள் அறக்கட்டளை நான்கு விஷயங்களை முடிவு செய்திருக்கிறது.

ஒன்று: ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அஸருக்குப் பின், மறதி உள்ளவர்களைக் கவனிக்கும் குடும்பத்தார் நம் அலுவலக மாடியில் கூடுவார்கள். பெண்களுக்குத் தனி இடம் உண்டு. அங்கே பேசுவது அங்கேயே நிற்கும்.

இரண்டு: பெயர் கொடுத்த வீடுகளுக்கு வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் ஒரு தன்னார்வலர் வந்து பெரியவரோடு உட்கார்ந்திருப்பார். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். அந்த நேரத்தில் கவனிப்பவர் தூங்கட்டும், கடைத்தெருவுக்குப் போகட்டும். இதற்கு ஆட்கள் தேவை. இன்று போகும் முன் பெயர் தாருங்கள்.

மூன்று: தஞ்சாவூர் போக வண்டிச் செலவும், இயலாதவர்களுக்கு மருந்துச் செலவும் நாங்கள் ஏற்போம். தகுதியுள்ளவர்களுக்கு ஜக்காத் நிதியிலிருந்து, மற்றவர்களுக்கு ஸதக்காவிலிருந்து.

நான்கு: முதியவர் யாராவது குறுகிய காலத்தில் இரண்டாம் முறை நன்கொடை கொண்டுவந்தால், ரசீது போடும் முன் வீட்டுக்கு ஒரு போன் செய்வோம். மண்டிகளும் கடைகளும் இதையே செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அந்தப் பேத்திக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்தக் குடும்பம் உண்மையைச் சொல்லிவிட்டது. "எங்க நன்னிக்கும் இப்படித்தான் இருந்தது" என்று அவர்கள் சொன்னார்களாம். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அந்தப் பெரியவர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாருக்குக் கல்யாணம் என்று நான்கைந்து முறை கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலவே பதில் சொன்னார்கள்.

தள்ளாத முதுமையின் இயலாமையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். நாமும் தேடுவோம். அந்த நிலைக்கு ஆளான நம் பெரியவர்களின் கண்ணியத்தை அல்லாஹ் காப்பானாக. அவர்களைச் சுமப்பவர்களுக்கு உடல் வலிமையையும் பொறுமையையும் தருவானாக. அவர்களுக்குத் தோள் கொடுக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.